ஆர்சியைப் பார்த்துட்டு கட்டிங் மிஷினை எடுங்க

நாலு நாளா டைம்லைன் முழுக்க அந்த வெள்ளைக் கார்தான், பழைய ஜீப் மேல ஃபைபர் பாடி ஏத்தி, அந்தக் காலத்து ராஜா கார் மாதிரி ஒரு தம்பி கட்டி, கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்ட வண்டி. மாப்பிள்ளை அழைப்புல வண்டியை மறிச்சு, மாப்பிள்ளையை மாலையோட இறக்கிவிட்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் சாவியை வாங்கிட்டுப் போன வீடியோவைப் பார்க்காதவங்க டெல்டாவுல யாரும் இருக்க மாட்டீங்க. அதனால கதையைத் திரும்பச் சொல்லல. கமெண்ட்டைப் படிச்சுட்டுதான் இதை எழுதுறேன். "திறமைக்கு மதிப்பில்லாத நாடு", "வெளிநாடா இருந்தா தலையில தூக்கி வச்சு ஆடியிருப்பான்", "காசு வெட்டியிருந்தா சல்யூட் அடிச்சு அனுப்பியிருப்பான்." ஆயிரக்கணக்குல கமெண்ட் ஓடுது. அந்த வண்டியோட ஆர்சியில, அதாவது பதிவுச் சான்றுல, என்ன இருக்குன்னு கேட்டவரு ஒருத்தர் இருந்தா காட்டுங்க.

நேத்து ஒரு கமெண்ட்ல நான் அதைத்தான் கேட்டேன். அதுக்கு எனக்குக் கிடைச்ச பட்டம் "ஆர்டிஓ ஆபீஸ் ஜால்ரா". சரி, ஜால்ராவே அடிக்கிறேன், கேளுங்க.

ஆர்சின்னா ஓனர் பேரும் நம்பரும் மட்டும் இல்ல. பாடி டைப், வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்), அன்லேடன் வெயிட் (காலி வண்டியோட எடை), சீட் எண்ணிக்கை, சிசி, சிலிண்டர், எரிபொருள், கலர், தயாரிச்ச மாசம் வருஷம் எல்லாம் அதுல ஏறியிருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்றது இதுதான்: கம்பெனிக்காரன் முதல்ல சொன்ன விவரத்துல இருந்து மாறுற மாதிரி ஓனர் வண்டியில கை வைக்கக் கூடாது. கேரளாவுல இருந்து போன வழக்குல உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்னிக்கு இதையே அடிச்சுச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்துச்சு. ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா, இல்லன்னா ரெண்டும். கவனிங்க, வண்டிக்கு 5,000 இல்ல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000. பாடி, வீல்பேஸ், சீட், வெயிட், இன்ஜின்னு அஞ்சை மாத்தியிருந்தா 25,000. இந்தக் கணக்கை எந்த யூடியூப் சேனலாவது "ரெண்டு லட்சத்துல ராஜா கார்" வீடியோவுல போட்டுச்சா?

அதான் திரும்பத் திரும்பச் சொல்றேன். ஆர்சியைப் பார்த்துட்டு கட்டிங் மிஷினை எடுங்க. வெட்டின பிறகு ஆர்சியைப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல.

அந்த மாதிரி வண்டியை எப்படிக் கட்டுறாங்கன்னு தெரியாமலே பாதிப் பேர் பாராட்டுறீங்க. பழைய ஜீப்பை வாங்கி, பாடியைக் கழட்டி, அடிச் சட்டத்தை (சேஸிஸை) மட்டும் வச்சுக்குவாங்க. சிஜே3பி ஜீப்போட வீல்பேஸ் 80 இன்ச். அந்தக் காலத்து ராஜா காருக்கு மூக்கு நீளமா இருக்கணுமே, அதனால சட்டத்தை நடுவுல நேரா அறுத்து ரெண்டடி சேனலை ஒட்டுப் போடுறது. அங்கேயே ஆர்சி செத்துடுச்சு. மோட்டார் வாகனச் சட்டம் அங்கதான் மீறப்படுது, வண்டியும் அங்கதான் உடையும். செங்குத்தா அறுத்து நேருக்கு நேர் வெல்டிங் வச்சா, பத்த வச்ச இடத்துக்குப் பக்கத்துல சூடு ஏறின இரும்பு பலம் இழந்து, லோடு ஏறி இறங்க அந்தக் கோட்டுலயே விரிசல் விடும். உள்பக்கம் பிளேட் கொடுக்காம, வெளியில பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா விரிசல் கண்ணுக்கே தெரியாது. சேஸிஸ் நீண்டா, இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போற புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் நீளணும். பைப்பை ஒட்டிட்டு பேலன்சிங் பண்ணாம மாட்டினா, வேகம் கூடக் கூட வண்டி உதறும், ஷாஃப்ட் முனையில இருக்குற யூஜே கிராஸ் ஜாயின்ட் போகும். பிரேக் பைப்பை ஜாயின்ட் போட்டு இழுத்தா கசிவுக்கு ஒரு இடம் புதுசா உண்டாகுது. மேல போடுற ஃபைபர் பாடி இன்னொரு கூத்து. சித்திரை வெயில்ல இறுக வைக்கிற ஹார்டனரை கொஞ்சம் கூட ஊத்தினாலும் ரெசின் (ஃபைபர் பசை) டப்பாவுலயே கட்டியாயிடும். அதுக்குப் பயந்து குறைச்சு ஊத்தினா உள்ள வேகாம பிசுபிசுன்னு நிக்கும். சரியா வெந்த பாடியும் வேகாத பாடியும் வெளிப் பார்வைக்குப் பளபளன்னுதான் இருக்கும்.

மாருதி 800-ஐ வச்சுப் பண்றவங்க நிலைமை இன்னும் மோசம். அதுல தனியா சேஸிஸே கிடையாது, பாடிதான் சேஸிஸ். பாடியை வெட்டினா வண்டியோட முதுகெலும்பை வெட்டின மாதிரி. நம்பர் அடிச்ச தகட்டை மட்டும் அறுத்து எடுத்து வேற சேஸிஸ்ல வெல்டு வச்சு, "சேஸிஸ் நம்பர் இருக்குல்ல அண்ணே"ன்னு ஒருத்தர் வாதாடுறாரு. தம்பி, அது மாற்றம் இல்ல, திருட்டு வண்டிக்குப் பண்ற வேலை. சேஸிஸ் நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது சுத்தி இருக்குற வெல்டிங் கண்ணுல பட்டா, மோட்டார் வாகனச் சட்டத்தோட நிக்காது, போலீஸ் கேஸாயிடும்.

"அப்போ பழைய ஆர்சியே வேண்டாம், புது வண்டியா ரிஜிஸ்டர் பண்ணலாமே"ன்னு படிச்சவங்க கேக்குறாங்க. நல்ல கேள்வி. படிவம் 20-ல விண்ணப்பிக்கணும். கூடவே படிவம் 21, அதாவது விற்பனைச் சான்று. உங்க பட்டறையில நீங்களே கட்டினதை உங்களுக்கு யார் வித்தது? அடுத்து படிவம் 22, தயாரிப்பாளர் தர்ற சாலைத் தகுதிச் சான்று. அதைத் தர்ற தகுதி வேணும்னா மத்திய மோட்டார் வாகன விதி 126-படி மாதிரி வண்டியை புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட், நம்ம ஒரகடம் ஜிஏஆர்சி மாதிரி ஒரு வண்டிச் சோதனைக் கூடத்துல சோதிச்சு ஒப்புதல் வாங்கணும். பிரேக், ஸ்டீயரிங், லைட், சத்தம், புகைன்னு வரிசையா வரும். புகைன்னா 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பிஎஸ்6-ங்கிற கறாரான புகை வரம்பு. பழைய ஜீப் டீசல் இன்ஜினை ஒரகடத்துக்குக் கொண்டு போனா வாசல்லயே சிரிப்பாங்க. ஆயிரம் வண்டி விக்கிற கம்பெனி அந்தச் செலவை ஆயிரத்தால வகுத்துக்கும். ஒரே ஒரு வண்டி கட்டினவன் எதால வகுப்பான்?

"பேட்டரி போட்டா ரிஜிஸ்ட்ரேஷனே வேண்டாம், 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம்"னு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. அந்த விலக்கு ரெண்டு சக்கரத்துக்கு. நாலு சக்கரம் வச்ச எதுக்கும் இல்ல. இதை விதியில ஒரு வரி படிச்சா தெரியும், ஆனா ஷேர் பண்றது சுலபமா இருக்கே.

சரி, வெளிநாட்டுக்கு வருவோம், அதானே உங்க பெரிய ஆயுதம். இங்கிலாந்துல தனி மனுஷன் கட்டின ஒத்தை வண்டிக்கும் ஐவிஏன்னு ஒரு சோதனை இருக்கு, உண்மைதான். ஆனா அதுல வெளியில துருத்துற முனை 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாம உருண்டிருக்கணும்னு ஸ்கேல் வச்சுப் பார்ப்பான். எந்த வருஷத்து உதிரிப்பாகம்னு காட்ட முடியலைன்னா க்யூ எழுத்துல தொடங்குற நம்பர்தான், அது வண்டியோட விலையையே குறைச்சிடும். அமெரிக்காவுல 2015 சட்டப்படி சின்னக் கம்பெனிகள் வருஷத்துக்கு 325 ரெப்ளிகா (நகல் கார்) வரைக்கும் கட்டலாம், அதுவும் குறைஞ்சது 25 வருஷத்துக்கு முன்னாடி வந்த காரோட சாயல்ல. அந்தச் சட்டத்துக்கு விதியை எழுதி முடிக்க அவங்களுக்கே 2022 ஆச்சு. வீட்டுல கட்டினவன் மாநில அலுவலகத்துக்கு இன்ஜினுக்கு பில், சேஸிஸுக்கு பில், பாடிக்கு பில்னு அடுக்கிட்டு, வண்டியையும் காட்டி, அவங்க கொடுக்குற நம்பரை அடிச்சுக்கணும். தலையில தூக்கி வச்சு யாரும் ஆடல. பில் கேட்டான். இங்க பழைய இரும்புக்கடையில எடை போட்டு வாங்கினதுக்கு எந்த பில் இருக்கு?

"அப்போ மஹிந்திரா முதலாளியே பாராட்டினாரே"ன்னு ஒரு தம்பி. மகாராஷ்டிரா சாங்லி மாவட்டத்துல பழைய இரும்புல வண்டி செஞ்ச கொல்லரைத்தானே சொல்றீங்க? ஆனந்த் மஹிந்திரா 2021 டிசம்பர்ல பாராட்டினாரு. அதே பதிவுத் தொடர்ல, இது விதிக்கு உட்பட்டு வராது, அதிகாரிங்க ஒருநாள் நிறுத்திடுவாங்கன்னும் எழுதி, அதை வாங்கிட்டு பதிலுக்கு பொலிரோ தர்றேன்னாரு. கார் கம்பெனி முதலாளிக்கே அந்த வண்டிக்கு நம்பர் வாங்கித் தர வழி தெரியலைங்க. பாதிப் பதிவை மட்டும் படிச்சுட்டு வராதீங்க.

லஞ்சம் பத்தி. இருக்கு. இல்லன்னு யார் சொன்னது? ஆனா லஞ்சம் கொடுத்து ஓட்டுற வண்டிக்கு இன்சூரன்ஸ் யார் தருவா? மாப்பிள்ளை அழைப்புன்னா வண்டிக்கு முன்னாடி நாதஸ்வரக்காரர், தவில்காரர், பேண்டு செட், ஆடுற பசங்க, லைட் தூக்குற பொம்பளைங்க. பெடலை அமுக்கும்போது அந்த ஒட்டுப் போட்ட பிரேக் பைப் பிச்சுக்கிட்டா? ஆர்சியில இருக்குற வண்டி வேற, ரோட்டுல இருந்த வண்டி வேறன்னு இன்சூரன்ஸ் கம்பெனி கோர்ட்டுல கையை விரிக்கப் பார்க்கும். நஷ்ட ஈடு வண்டி கட்டின பையன் தலையில விடிஞ்சா அவங்க அப்பா நிலம் போகும். அப்போ இந்த ஆயிரம் கமெண்ட்காரங்கள்ல யாரு காசு போடுவீங்க?

இதுல ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விட்டது தனி. பர்மிட் இல்லாம வாடகை ஓட்டினா 192ஏ பிரிவு, முதல் தடவையே 10,000. அதைப் பேசவே ஆரம்பிக்கல.

இவ்வளவும் சொன்னதால அந்தச் சட்டம் எனக்கு இனிக்குதுன்னு நினைக்காதீங்க. எரியுது. 2021-ல வின்டேஜ் காருக்குன்னு தனி விதி கொண்டு வந்தாங்க. 50 வருஷம் தாண்டின, சேஸிஸும் பாடியும் இன்ஜினும் மாறாத வண்டி வச்சிருந்தா, 20,000 கட்டு, விஏ எழுத்து போட்ட நம்பர் வாங்கிக்கோ, பத்து வருஷத்துக்குச் செல்லும். தாத்தா கார் வாங்கி வச்சிட்டுப் போன வீட்டுக்கு வழி திறந்தாச்சு. பெரிய கம்பெனிக்கு விதி 126 இருக்கு. கரூர், நாமக்கல்ல பாடி கட்டுறவங்களுக்கும் அவங்க அளவுக்கு ஒரு படிவம் இருக்கு. தஞ்சாவூர்லயும் மன்னார்குடியிலயும் லேத் பட்டறை வச்சு, அறுவடைக்கு முந்தின ராத்திரி உடைஞ்ச ஷாஃப்ட்டை விடியறதுக்குள்ள கடைஞ்சு கொடுக்குறானே, அவனுக்கு எந்தப் படிவம்? நெல்லு ஏத்துற டிராக்டர் ட்ரெய்லருக்கு மாநில அதிகாரி வரைபடத்தைப் பார்த்து டிசைனுக்கு ஒப்புதல் கொடுக்குற வழியை விதி 47-லயே எழுதி வச்சிருக்காங்க. ட்ரெய்லருக்கு எழுதத் தெரிஞ்ச கைக்கு, ஒத்தை வண்டிக்கு ஒரு சோதனை, இத்தனை கட்டணம், இத்தனை வேகத்துக்கு மேல போகக் கூடாதுன்னு எழுத வராதா? வரும். கேக்குறவன் இல்ல. நாம ஹார்ட்டின் போட்டுட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போயிடுறோம்.

அப்படி ஒரு விதி வர்ற வரைக்கும் ஜீப் வாங்கப் போறவங்களுக்குச் சொல்றேன். சேஸிஸ் நம்பரை நீங்களே சுரண்டிப் பார்த்து ஆர்சியோட ஒத்துப் பாருங்க. அரசோட பரிவாகன் இணையதளத்துல ஃபைனான்ஸ் நிக்குதான்னு பாருங்க, நின்னா கடன் தீர்ந்ததைக் காட்டுற படிவம் 35 கைக்கு வராம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ராணுவ ஏல ஜீப்புன்னா ராணுவ அதிகாரி கொடுத்த ஒரிஜினல் படிவம் 21 வேணும். புரோக்கர் காட்டுற ஜெராக்ஸை வச்சுக்கிட்டு வலங்கைமான் பக்கம் ஒருத்தர் ஜீப்பை வைக்கோல் போருக்குப் பின்னாடி நிறுத்தி வச்சிருக்காரு, கோழி முட்டை வைக்குது. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி உயிரோட இருக்கான்னு பாருங்க, புதுப்பிக்கிற கட்டணம் இப்போ பழைய 600 இல்ல. ரெப்ளிகா கட்டியே தீரணும்னா ரோட்டுக்குக் கொண்டு வராதீங்க. சுவருக்குள்ள மட்டும் ஓடுறதுக்குன்னே செஞ்ச வண்டியை சட்டம் மோட்டார் வாகனமா எடுத்துக்கறதில்ல. மண்டபம் வரைக்கும் லாரியில ஏத்திக் கொண்டு போங்க, காம்பவுண்டுக்குள்ள ஓட்டிக்கோங்க.

வண்டி கட்டின தம்பிக்கு. உன் ஃபைபர் வேலை நல்லா இருக்கு, அந்த மட்கார்டு வளைவு எல்லாருக்கும் வராது. 207-வது பிரிவுல பிடிச்ச வண்டின்னா ஆவணத்தோட மனு கொடுத்து வெளிய எடுக்கலாம், வக்கீல் வச்சுப் போ. ஸ்டேஷன் வாசல்ல இருந்து ஓட்டிட்டு வந்துடாத, ரெக்கவரி வண்டியில ஏத்து. வீடியோவுல தெரிஞ்ச அளவுக்கு நீ சேஸிஸை அறுத்த மாதிரி தெரியல, போல்ட்டுலதான் பாடியை ஏத்தியிருக்க. அப்படின்னா இன்னும் வழி இருக்கு. ஜீப்போட பழைய பாடியை எந்தப் பழைய இரும்புக்கடையில போட்டன்னு யோசி. இன்னும் நசுக்காம இருந்தா, என்ன விலை கேட்டாலும் பேரம் பேசாம திரும்ப வாங்கிடு.