அந்தப் பிள்ளை கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த பாடத்தெரிவுக் கருத்தரங்கில், ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு மூத்த பேச்சாளர் ஒருவர் கேலியாகப் பேசியதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். காணொளியும் எல்லா வட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது. அதனால் நடந்ததை நான் முழுக்கச் சொல்லப் போவதில்லை. "அவர் மூத்தவர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், இதைப் பெரிதாக்காதீர்கள்" என்று நேற்று எழுதியவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நல்ல எண்ணம் இருக்கட்டும். பதில் எங்கே?

அந்தப் பிள்ளை கேட்டது ஒரு தகவல். உயர்தரத்துக்கு, அதாவது ஏ.எல்.லுக்கு, புவியியல், பொருளியல், தமிழ் எடுத்தால் கம்பஸில் என்னென்ன படிக்கலாம்? அவ்வளவுதான். அதற்கு "என்ன பிள்ளை, ஒன்பது ஏ எடுத்துப்போட்டு ஆர்ட்ஸுக்கோ போகப்போறீர்?" என்று அந்தப் பேச்சாளர் கேட்டார், மண்டபமே சிரித்தது, பிள்ளை மைக்கைக் கொடுத்துவிட்டு இருந்துவிட்டது. பாடத்தெரிவு வழிகாட்டல் என்று பின்னால் பெனர் கட்டிய கூட்டத்தில், பாடத்தெரிவு பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பை விட இதுதான் தாங்க முடியவில்லை.

அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை, தெரியாது என்று சொல்லலாம். ஆனால் பதில் இருக்கிறது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று கலைப்பீடங்கள் இருக்கின்றன. புவியியல் துறைகளில் இன்று வரைபடம் கீறுவது மட்டும் படிப்பில்லை, புவியியல் தகவல் முறைமை படிப்பிக்கிறார்கள், அது அனர்த்த முகாமைத்துவத்துக்கும் நகரத் திட்டமிடலுக்கும் தேவைப்படுகிற வேலை. சட்டபீடத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சை எந்தப் பட்டதாரிக்கும் திறந்திருக்கிறது. இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் போயிருக்கும்.

எங்கள் ஊரில் பாடம் தெரிவுசெய்வது எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையின் ரிசல்ட் வரும். ஒன்பது பாடத்திலும் ஏ என்றால் பயோ (உயிரியல்) அல்லது மெத்ஸ் (கணிதம்), அதில் கொஞ்சம் குறைந்தால் கொமர்ஸ் (வணிகம்), மிச்சம் ஆர்ட்ஸ் (கலை). பிள்ளை எதைப் படிக்க விரும்புகிறது, அதற்கு எந்த மூன்று பாடம் வேண்டும் என்று யாரும் பின்னாலிருந்து முன்னுக்கு எண்ணிப் பார்ப்பதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் அனுமதிக் கைநூல் ஒன்று வெளியிடுகிறது, தமிழிலும் வருகிறது, எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் கட்டாயம் என்று அதில் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்கள். அதை நாங்கள் எப்போது வாங்குகிறோம்? ஏ.எல். ரிசல்ட் வந்த பிறகு, விண்ணப்பம் நிரப்புவதற்கு. பாடத்தைத் தெரிவுசெய்து, ரியூஷனுக்குக் காசு கட்டி, பரீட்சையும் எழுதி முடித்த பிறகு!

என் அக்காவின் மகன் கதையைச் சொன்னால்தான் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியும். அவன் மெத்ஸ். சின்ன வயதிலிருந்தே பாலம், கட்டடம் என்றால் உயிர், சிவில் எஞ்சினியரிங்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இணைந்த கணிதமும் பௌதிகவியலும் சரி, மூன்றாவதுக்கு இரசாயனவியலை விட்டு ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடு, ஏ எடுப்பது சுகம், இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) ஏறும் என்று அவனுக்குப் படிப்பித்த ஒரு சேர் சொல்லியிருக்கிறார். எடுத்தான். ரிசல்ட் நன்றாக வந்தது. அப்புறம் கைநூலை விரித்து மேசையில் வைத்துக்கொண்டு இருக்கும்போதுதான் எஞ்சினியரிங் பீடத்துக்கு இரசாயனவியல் கட்டாயம் என்று அவனுக்கே தெரிகிறது. அக்கா என்னைக் கூப்பிட்டு, "வேற ஏதும் வழி இருக்கோடா, நீ ஒருக்காப் பார்த்துச் சொல்லு" என்று கேட்டா. நான் என்ன பார்த்துச் சொல்வது? புத்தகத்தில் எழுதியிருப்பதை மாற்றவா முடியும்? இன்னொரு தரம் எழுதலாம், மூன்று தரம் எழுத விடுகிறார்கள்தான், ஆனால் இரசாயனவியலை முதலாம் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அவனுக்கு அந்த மனம் இருக்கவில்லை. இப்போது தனியார் நிறுவனம் ஒன்றில் படிக்கிறான், அத்தான் வங்கிக் கடன் கட்டுகிறார். ஐ.சி.ரி. கெட்ட பாடம் என்று நான் சொல்லவே இல்லை, தகவல் தொழில்நுட்பப் பட்டங்களுக்குப் போகிற பிள்ளைக்கு அது சரியான தெரிவு. அவனுக்கு அது எதை அடைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் முறைப்பாடு.

இப்படி எத்தனை. பயோவில் பௌதிகவியல் கஷ்டம் என்று விவசாய விஞ்ஞானத்துக்கு மாறுகிற பிள்ளைக்கு விவசாயத்துறைப் பட்டங்களுக்கு வழி இருக்கிறது, ஆனால் மெடிசின் அந்த நிமிடமே போய்விட்டது என்று யார் சொல்கிறார்கள்? 2013இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தபோது, அதில் படித்தாலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மற்றவர்களோடு எஞ்சினியராக வெளியில் வரலாம் என்று நம்பிச் சேர்த்த பெற்றோரை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு உள்ளது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம், அது வேறு பட்டம். அதுவும் நல்ல படிப்புத்தான், ஆனால் சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? கட்டடக்கலைக்கு இசட் ஸ்கோர் மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் (அப்டிடியூட் டெஸ்ட்) உண்டு என்பது ரிசல்ட்டுக்குப் பிறகுதான் பல வீடுகளில் தெரியவருகிறது.

"இதெல்லாம் இணையத்தில் இருக்கிறதே, தேடிப் பார்க்க வேண்டியதுதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி ஐயா, இருக்கிறது. அப்படியானால் பெரிய மண்டபம் எடுத்து, பெற்றோரை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உட்காரவைத்தது எதற்கு?

"கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டுக் கொழும்புக் கோட்டையில் ஊர்வலம் போவது தெரியாதா?" தெரியும். அது பொய்யில்லை. ஆங்கிலமும் கணினியும் இல்லாமல் பட்டத்தை மட்டும் கொண்டு வெளியில் வருகிற பிள்ளை கஷ்டப்படுகிறது என்பது எனக்கும் தெரியும், அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், ஆங்கிலத்தை விடாதே என்று சொல்லுங்கள், அதுவும் தகவல்தான். ஆனால் விருப்பமில்லாமல் பயோ எடுத்து மூன்று எஸ்ஸோடு (வெறும் சாதாரண சித்தி) வீட்டில் இருக்கிற பிள்ளைகள் எந்த ஊர்வலத்திலும் வருவதில்லை, அவர்களை யாரும் எண்ணுவதும் இல்லை. கொழும்பு மாவட்டத்தில் மெடிசினுக்கும் எஞ்சினியரிங்குக்கும் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கிற ஆகக் குறைந்த இசட் ஸ்கோர், எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்தக் கணக்கில் கொழும்பில் எழுதுகிற ஒரு பிள்ளை மனமே இல்லாமல் படித்து ஏறிவிடும் என்று நினைக்கிறீர்களா?

எனக்கு மிகவும் வலித்த பதில் என் பெரியப்பா வயதுள்ள ஒருவர் எழுதியது. "தரப்படுத்தலில் அடிபட்டவர்கள் நாங்கள், டொக்டர், எஞ்சினியர் என்று நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, உங்களுக்கு விளங்காது." எனக்கு விளங்கும். 1971இல் தரப்படுத்தல் என்று, பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மொழிமூல மாணவரிடம் கூடிய புள்ளி கேட்டார்கள். என் பெரியப்பா அந்தக் காலத்து ஆள். மெடிசின் கிடைக்கவில்லை, கடைசி வரை கிளாக்கர் வேலை பார்த்தார், வருடா வருடம் ரிசல்ட் வருகிற நாளில் யாரோடும் பேச மாட்டார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். எங்களுடைய தலைமுறைக்கும் அதற்கு முந்தியதற்கும் தெரிவே இருக்கவில்லை, வேறு யாரோ எங்களுக்காக முடிவெடுத்தார்கள், அதுதான் அந்த அநியாயம். அப்படி இழந்தவர்கள்தானே தெரிவின் அருமையை முதலில் உணர வேண்டும்? இப்போது பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று தானாக எழும்பி, எனக்கு இது பிடிக்கிறது, இதில் என்ன வழி இருக்கிறது என்று கேட்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வந்தது?

"பதினாறு வயதில் என்ன தெரியும்?" என்று கேட்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அதே பதினாறு வயதுப் பிள்ளை மெடிசின் செய்யப்போகிறேன் என்று சொன்னால் மட்டும் வயது போதுமா? அப்போது ஒருவரும் வயதைப் பற்றிப் பேசுவதில்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட முடியவில்லை. மண்டபத்தில் அதற்கு முன்னால் ஒரு பையன் கொமர்ஸ் பற்றிக் கேட்டான். முகாமைத்துவம், கணக்கியல், சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) என்று அவனுக்கு விரிவாகப் பதில் கிடைத்தது. சிரிப்பு வரவில்லை. பெண் பிள்ளை கேட்டபோதுதான் சிரிப்பு. ஆர்ட்ஸ் என்பதால் மட்டும் சிரித்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. காணொளியின் கீழ் வந்த கருத்துகளைப் பாருங்கள், "கலியாணம் கட்டப்போற பிள்ளைக்கு எது படிச்சா என்ன", "டீச்சிங் கிடைச்சாப் போதும்", இப்படித்தான் வரிசையாக வருகின்றன. எழுதியவர்களில் சிலர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார்கள், மகள்மார் உள்ளவர்கள்.

அடுத்து கொட்டாஞ்சேனையிலும் இதே மாதிரி ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். ஏற்பாட்டாளர்கள் இதைப் படித்தால், பேச்சாளரைக் குறைத்து, கைநூலில் பத்துப் பிரதி வாங்கி மேசையில் வையுங்கள். பிள்ளைகள் தங்கள் மூன்று பாடத்தை எழுதிக்கொண்டு வரட்டும், பக்கத்தைத் திறந்து அதனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று காட்டுங்கள், பிறகு பிள்ளையும் பெற்றோரும் முடிவெடுக்கட்டும். ஆள் தேவையென்றால் நான் வந்து இருக்கிறேன், இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

கீழே வந்து அந்தப் பிள்ளையின் பெயரையோ பாடசாலையையோ போடுகிறவர்களின் கருத்தை அழிப்பேன். கலியாணக் கதை எழுதுகிறவர்களையும் அப்படித்தான், சொந்தக்காரர் என்றாலும்.