தொப்புள்கொடியை வெட்டாமல் விட்டால் சத்து ஏறாது

‘தொப்புள்கொடியை வெட்டினால் குழந்தைக்கு வலிக்கும், நஞ்சுக்கொடியோடு அப்படியே விட்டால் நாள்கணக்கில் சத்து ஏறும்’ என்று சிலர் சொல்வது தவறு. தொப்புள்கொடியில் வலியை உணரும் நரம்பு கிடையாது; குழந்தை அழுவது அதனால் அல்ல. பிறந்த சில நிமிடங்களிலேயே கொடியின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ஓட்டம் நின்றுவிடும். அப்புறம் வெளியே வந்த நஞ்சுக்கொடி வெறும் செத்த திசுதான். அதை ஒட்ட வைத்துக்கொண்டிருந்தால் கிருமித்தொற்றுக்குத்தான் வழி.

அவசரமாக வெட்டக்கூடாது என்பது மட்டும் சரி. நஞ்சுக்கொடியில் மிஞ்சிய ரத்தம் குழந்தைக்குப் போனால் இரும்புச்சத்து கூடும் என்பதால், குறைந்தது 1 நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சுத்திணறும் குழந்தை என்றால் கதை வேறு, மருத்துவர் உடனே வெட்ட நேரலாம்.

வெட்டிய இடத்தில் சாணம், சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். பச்சிளங்குழந்தைகளுக்கு டெட்டனஸ் வந்த வழிகளில் அதுவும் ஒன்று.