ஜிங்கிள் டிரஸ்ஸில் ஏன் சுழல முடியாது?

அமெரிக்கப் பூர்வகுடி டிராக் கலைஞர்களின் (பெரும்பாலும் எதிர்பாலினத்தவராக மிகையாக வேடமிட்டு மேடையேறுபவர்களின்) படம் எப்போதாவது நம் டைம்லைனில் வந்து விழுந்தால், கீழே தவறாமல் இரண்டு கமெண்ட் இருக்கும். "அந்தக் காலத்திலேயே இவங்களை எப்படி மதிச்சிருக்காங்க பாருங்க" என்று ஒன்று. "எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கூத்து" என்று இன்னொன்று. இரண்டு பேருமே அந்த உடையைச் சரியாகப் பார்க்கவில்லை. நான் உடையிலிருந்தே தொடங்குகிறேன்.

உலோகக் கூம்புகள் குலுங்கி ஒலிக்கும் ஆட்ட உடையான ஜிங்கிள் டிரஸ், ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்களுடையது. 1918 ஃப்ளூ கொள்ளைநோய்க் காலத்தில், சாகக்கிடந்த மகளுக்காகத் தகப்பன் கண்ட கனவில் வந்த உடை என்று சொல்வார்கள். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். மூக்குப்பொடி டப்பா மூடியை வெட்டி, கூம்பாகச் சுருட்டி, வரிசை வரிசையாகத் தைத்தார்கள். இப்போது கூம்புகள் கடையிலேயே கிடைக்கின்றன. நாளுக்கு ஒன்றாக 365 என்று ஒரு கணக்கு உண்டு; ஆளின் உயரத்துக்கும் உடையின் அமைப்புக்கும் ஏற்ப எண்ணிக்கை கூடும், குறையும்.

ரிப்பனைக் கூம்பின் குறுகிய வாயில் நுழைத்து, உள்ளே முடிச்சுப் போட்டு, பிளையரால் வாயை நசுக்கி இறுக்க வேண்டும். ரிப்பனின் மறுமுனை உடைமேல் ஓடும் பட்டையில் தைக்கப்படும். உயிர்நாடி இடைவெளிதான். தொங்கும்போது பக்கத்துக் கூம்பின் அகன்ற விளிம்பு லேசாக உரச வேண்டும். தள்ளிப் போனால் உடை ஊமை. நெருக்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். துணி மெல்லிசாக இருந்தால் எடை தாங்காமல் தையல் ஓரமாகக் கிழியும், ஆகவே உள்ளே லைனிங் கட்டாயம்.

இதை டிராக் மேடைக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. டிராக்கில் முதல் வேலை உடம்பைச் செதுக்குவது: நுரைப்பஞ்சில் வெட்டிய இடுப்புப் பட்டைகள், மேலே மூன்று நான்கு டைட்ஸ், அதற்கும் மேல் இடுப்பை இறுக்கும் கார்செட். அந்த வளைவுகளுக்கு ஏற்றபடி உடையைப் பிடித்துத் தைத்தால் கூம்புகள் உடம்போடு ஒட்டிக்கொண்டு ஆட இடமிருக்காது. நேர்வெட்டாக விட்டால் ஒலி வரும், பாடுபட்டுக் கட்டிய இடுப்பு மறைந்துவிடும். மேல்பாதியை இறுக்கி, முழங்காலுக்குக் கீழே மட்டும் வரிசைகளைத் தொங்கவிடுவது நடுவழி.

அடுத்தது கால். இந்த ஆட்டத்தில் பாதம் தரையை ஒட்டியே நகரும். முன்பாதத்தின் தட்டுதான் கூம்புகளைக் குலுக்குகிறது. ஐந்து அங்குல ஹீல்ஸில் அந்தத் தட்டு வராது. பழைய முறையில் ஆடுபவர்கள் பின்னோக்கி அடியெடுப்பதில்லை, முழுச்சுற்றுச் சுற்றுவதுமில்லை. டிராக்கிலோ கைதட்டல் வாங்கித்தருவதே சுழற்சியும், மல்லாக்க விழும் 'டெத் டிராப்'பும்தான். ஜிங்கிள் டிரஸ்ஸோடு விழுந்தால் முதுகுப்பக்கக் கூம்புகள் நசுங்கும், முதுகிலும் குத்தும். நோய் தீர்க்க வந்த உடையைத் தரையில் புரட்டுவதைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தனிக்கதை. சலங்கை பூஜை போட்டவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

அப்படியானால் செய்யவே கூடாதா? அப்படியில்லை. எந்த உடை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சடங்கோடு கையில் வந்த மரபுடைதான் ரெகாலியா. அதை 'காஸ்ட்யூம்' என்றாலே கோபம் வரும். பூர்வகுடிகள் கூடி ஆடும் பவ்வா விழாவுக்கு அது, கிளப்புக்கு வேறு. இறகிலும் அப்படியே. கழுகிறகை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. பவ்வாவில் ஒரு கழுகிறகு விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, முறைப்படிதான் எடுப்பார்கள். பீர் சிந்திய மேடைக்குச் சாயம் தீட்டிய வான்கோழி இறகு போதும். எதைக் கொண்டுவரக்கூடாது என்று தெரிந்தவர்தான் என் கணக்கில் நல்ல கலைஞர். உடம்பெல்லாம் இறகைக் குத்திக்கொண்டு வருபவரை நான் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை.

மரபை மேடையில் சொல்ல இன்னொரு வழி கிண்டல். சான்பிரான்சிஸ்கோவின் சிக்காசா இனக் கலைஞர் ஒருவரின் மேடைப்பெயர் லாண்டா லேக்ஸ். லேண்ட் ஓ லேக்ஸ் என்பது அங்கே பிரபலமான வெண்ணெய் பிராண்ட். அதன் அட்டையில் பல பத்தாண்டுகளாக ஒரு பூர்வகுடிப் பெண் மண்டியிட்டிருந்தாள். அந்தப் பெயரைப் பிடுங்கித் தன் தலையில் சூடிக்கொண்டார். 2020இல் நிறுவனம் படத்தை எடுத்தபோது, "ஆளை அனுப்பிட்டு நிலத்தை வெச்சுக்கிட்டாங்க" என்று பூர்வகுடிகள் அடித்த ஜோக்கை இதோடு சேர்த்துப் படியுங்கள். க்ரீ இன ஓவியர் கென்ட் மாங்க்மனின் மாற்றுரு மிஸ் சீஃப் ஈகிள் டெஸ்டிகிள். வேகமாகச் சொன்னால் 'குறும்பு', 'தற்பெருமை' என்கிற ஆங்கிலச் சொற்கள் காதில் விழும். 1830களில் ஜார்ஜ் கேட்லின் என்ற வெள்ளை ஓவியர், பெண்ணுடை அணிந்த ஒருவரைச் சுற்றிப் பூர்வகுடி ஆண்கள் ஆடும் நடனத்தை வரைந்தார். வரைந்த கையோடு, இதை மேலும் பதிவு செய்வதற்குள் இவ்வழக்கம் ஒழிந்தால் நல்லது என்றும் எழுதிவைத்தார். மாங்க்மன் 2008இல் அதே நடனத்தைத் தன் வீடியோப் படைப்பில் திரும்ப ஆட வைத்தார்.

'டூ ஸ்பிரிட்' என்பதைத் 'திருநங்கை' என்று மொழிபெயர்க்காதீர்கள். 1990இல் வின்னிபெக்கில் கூடிய பூர்வகுடிகள் ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத தங்கள் மக்களைக் குறிக்க, பல இனங்களுக்கும் பொதுவாக எடுத்துக்கொண்ட சொல் அது. இப்படிப்பட்டவர்களுக்கு ஒவ்வோர் இனமும் வைத்த பெயர்களான நவஹோக்களின் நாட்லீஹிக்கும் லக்கோட்டாக்களின் விங்க்டேவுக்கும் தனித்தனிப் பொருளும் கடமையும் உண்டு. டிராக் செய்கிறவர் எல்லாரும் டூ ஸ்பிரிட் கிடையாது, டூ ஸ்பிரிட் எல்லாரும் டிராக் செய்வதும் கிடையாது. மதித்தார்கள் மதித்தார்கள் என்று உருகுவோருக்கு: அதே நவஹோ தேசம்தான் 2005இல் ஒருபால் திருமணத்துக்குத் தடைச்சட்டம் போட்டது. அந்த மதிப்புக்கும் இந்தத் தடைக்கும் நடுவில் மிஷனரிப் பள்ளிகளும், நடனங்களை ஒடுக்கச் சொன்ன 1921 அரசுச் சுற்றறிக்கையும் இருக்கின்றன. சான்பிரான்சிஸ்கோவில் 2012 முதல் நடக்கும் டூ ஸ்பிரிட் பவ்வாவில் ஆண் ஆட்டம், பெண் ஆட்டம் என்று யாரையும் தடுப்பதில்லை.

கிளப்பில் ஆடப்போகிறவர்களுக்கு ஒன்று. ஸ்பீக்கரின் பாஸ் (கனத்த அடியொலி) கூம்பொலியை விழுங்கிவிடும். பாட்டின் முதல் இருபது விநாடி இசையை வெட்டிவிட்டு கால்தட்டோடு மட்டும் தொடங்குங்கள், மேடை விளிம்பில் தரையோடு ஒரு மைக் வையுங்கள். முடிந்ததும் உடையை ஹேங்கரில் மாட்டாதீர்கள், எடைக்குத் தோள் தொங்கிப்போகும். படுக்கவைத்து, வரிசைகளுக்கு நடுவே பழைய துணி விரித்து, சுருட்டிக் கட்டுங்கள்.