மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

சர்வதேசப் போதை எதிர்ப்பு நாளான ஜூன் 26 நெருங்கினால் எனக்கு அழைப்பு வந்துவிடும். போதை எதிர்ப்புப் பேரணியில் ஒலிபெருக்கி பிடிக்க ஆள் வேண்டும். எனக்குக் கொஞ்சம் கனத்த குரல். பதினோரு ஆண்டுகள் போனேன். இந்த ஆண்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் போன பேரணியில் எனக்கு முன்னால் ஒரு பையன் நடந்தான். எட்டாம் வகுப்பு இருக்கலாம். கையில் மண்டையோடு வரைந்த பதாகை. வெயில் ஏறியதும் அதைத் தலைக்கு மேல் கவிழ்த்துக் குடையாகப் பிடித்துக்கொண்டான். மண்டையோடு அவன் உச்சந்தலையைப் பார்த்தபடியே ஊர்வலம் வந்தது. “அதில் என்ன எழுதியிருக்கிறது தம்பி?” என்று கேட்டேன். திருப்பிப் பார்த்துப் படித்துவிட்டுத்தான் சொன்னான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? காலை எட்டு மணிக்குக் கையில் திணித்தார்கள். பத்தரை மணிக்குத் திரும்ப வாங்கி, அடுத்த ஆண்டுக்காகப் பீரோ மேல் அடுக்கிவிட்டார்கள்.

அந்த நாளையே குறை சொல்லவில்லை. ஐ.நா. பொதுச்சபை 1987இல் அதை அறிவித்தபோது, மீதி 364 நாளும் சும்மா இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

பேச்சால் போதைப் பழக்கத்தைத் தடுக்க முடியுமா என்று உலகம் ஏற்கெனவே பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘டேர்’ என்ற திட்டம் தொடங்கியது. சீருடை அணிந்த காவலர் வகுப்பறைக்கு வந்து, போதைப்பொருளின் கேடுகளைச் சொல்லி, வேண்டாம் என்று மறுக்கக் கற்றுக்கொடுப்பார். பெற்றோருக்குப் பிடித்தது, காவல்துறைக்குப் பிடித்தது, அமெரிக்கா முழுவதும் பரவியது. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. பிற்பாடு அந்தத் திட்டமே தன் பாடத்தை மாற்றிக்கொண்டது.

போதைத் தடுப்புக்கென்று ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் வெளியிட்ட சர்வதேசத் தரநிலைகளைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பள்ளியில் பலன் தராதவை என்று ஒரு பகுதி இருக்கிறது. வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தல், மீண்டு வந்தவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பது. மூன்றையும் நான் செய்திருக்கிறேன். ஒரு முறை பதினைந்து ஆண்டுகள் குடித்துவிட்டு நிறுத்திய ஒருவரை அழைத்துப்போனேன். மனிதர் உருகி உருகிப் பேசினார், ஆசிரியர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்கலாம் என்றதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “முதல் தடவை குடித்தபோது எப்படி இருந்தது, சார்?” பதினைந்து ஆண்டு குடித்தவர் நன்றாகத்தானே எதிரே நிற்கிறார் என்று அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள் போலும்.

இன்னொன்றும் செய்தேன். “இன்றைக்குப் பிள்ளைகள் எல்லாரும் குடிக்கிறார்கள்” என்று ஒலிபெருக்கியில் முழங்கினேன். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 1986இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மாணவர்கள் தங்கள் சக மாணவர்களின் குடியை உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று காட்டியது. எல்லாரும் குடிக்கிறார்கள் என்று நம்புகிறவனுக்குத் தான் மட்டும் ஒதுங்கி நிற்பது கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை நான் தெருத்தெருவாகப் போய் விதைத்திருக்கிறேன்.

சரி, எதுதான் வேலை செய்கிறது?

ஐஸ்லாந்தைச் சொல்லாமல் முடியாது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் புகைபிடித்தவர்கள் 23இலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். மண்டையோட்டுப் பதாகையால் வந்த மாற்றம் இல்லை இது. பெயர் எழுதாத கேள்வித்தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். மாலையில் எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், நீ எங்கே இருக்கிறாய் என்று அம்மா அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். பதிலை அறிக்கையாக்கி அலமாரியில் பூட்டாமல், சில மாதங்களுக்குள் அந்தந்தப் பள்ளிக்கும் வட்டாரத்துக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். தங்கள் வட்டாரப் பிள்ளைகளின் கணக்கைக் கண்ணால் பார்த்த பெற்றோர் சும்மா இருக்கவில்லை. விளையாட்டு, இசை, நடனம் என்று மாலை நேரத்துக்கு மன்றங்கள் பெருகின, பயிற்சி பெற்றவர்கள் சம்பளத்துக்கு நடத்தினார்கள், கட்டணத்தில் ஒரு பங்கை அரசுப் பணம் ஏற்றது. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் தனியாக வெளியே இருக்கக்கூடாது. மது வாங்க 20 வயது ஆக வேண்டும்.

சின்ன நாடு, வசதியான நாடு, ஒப்பிடாதே என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இளையோர் குடி குறைந்தது, எல்லாப் பெருமையும் மன்றங்களுக்கே என்று சொல்ல முடியாது. ஊரடங்கு மாதிரியான சட்டமும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்தக் கேள்வித்தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மாலையில் எங்கே இருக்கிறாய்?

முதல் மிடற்றைத் தள்ளிப்போடுவதே பெரிய வேலை. 1997இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குகிறவர்களின் வீட்டில் வேறு சிக்கல்களும் இருக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் பள்ளி மணி அடித்ததிலிருந்து வீட்டில் விளக்கு எரியும்வரை உள்ள அந்த மூன்று மணி நேரத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

எங்கள் குழுவில் இதைக் கேட்டேன். பள்ளி மைதானம் நாலரை மணிக்குப் பூட்டப்படுகிறது. வலை இருக்கிறது, பந்து இருக்கிறது, பம்பும் இருக்கிறது. சாவி காவலாளியிடம், அவருக்கு உத்தரவு மேலிடத்தில், மேலிடத்தின் கேள்வி ஒன்றே ஒன்று: “எவனாவது காலை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு?” நியாயமான கேள்வி. ஆனால் மதில் ஏறிக் குதித்து, பின்பக்கம் இருட்டில் உட்கார்ந்து எதையோ முகர்கிற பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று அதே கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. பேரணிக்குப் பதாகை, தொப்பி, தண்ணீர்ப் பாட்டில் என்று செலவழிக்கும் தொகைக்கு ஒரு பயிற்சியாளரைச் சில மாதங்கள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். தொப்பியில் ஆதரவாளரின் பெயர் அச்சாகும், பயிற்சியாளரின் நெற்றியில் அச்சடிக்க முடியாது. சிக்கல் அங்கேதான்.

உறுதிமொழி பற்றியும் சொல்லியாக வேண்டும், இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், நெடுநாள் குடிக்கும் ஒருவரை எல்லாரும் சேர்ந்து மேடைக்கு இழுத்துவந்து கையெழுத்து வாங்கினோம். பேனா பிடிக்க முடியாமல் அவர் கை நடுங்கியது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று கைதட்டினோம். மனிதர் சொன்ன சொல் தவறாதவர், அன்றே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் இரவு அவர் மனைவி தொலைபேசியில் அழுதார்: “அண்ணா, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்கிறார், என்னையே யார் என்று கேட்கிறார்.” மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்துக்கொண்டார். உடல் குடிக்குப் பழகிவிட்டவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அடுத்த நாட்களில் இப்படிச் சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். மருந்தோடு, மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். மேடையிலிருந்த எங்கள் யாருக்கும் அது தெரியாது. அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் இப்போது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறார், குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இடம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்ததில் பிறந்த அமைப்பு அது. வில்சன் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், பேச இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போனார். உபதேசம் செய்யப் போகவில்லை, தனக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது. மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாத அந்தக் கூட்டங்களில் நம் மனிதர் நாற்காலி அடுக்குகிறார். கை நடுங்கவில்லை.

மைதான விஷயம் முழுத் தோல்வி இல்லை. ஏழு முறை நடையாய் நடந்த பிறகு, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வாரம் மூன்று மாலை திறக்கச் சம்மதித்திருக்கிறார்கள். முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள், போன வாரம் முப்பதைத் தாண்டியது. பதாகைப் பையனும் வருகிறான், கோல் காக்கிறான், சுமாராக. திங்கள் நான் இருக்கிறேன், செவ்வாய்க்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டார். வியாழனுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. நாலரையிலிருந்து ஏழு மணி வரை. பேச வேண்டியதே இல்லை, சாவியை வாங்கித் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.