மார்ட்டியும் டாக் பிரவுனும் அப்படியே இருக்கட்டும்
மார்ட்டி என்ற இளைஞனும் விஞ்ஞானி டாக் பிரவுனும் காலப்பயணம் செய்யும் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ ஹாலிவுட் பட வரிசைக்கு நான்காம் பாகம் வந்தால்தான் இன்றைய பிள்ளைகளிடம் அது போய்ச் சேரும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. போன கோடை விடுமுறையில் பன்னிரண்டு வயது மகளுக்கு 1985-இல் வந்த முதல் படத்தைப் போட்டுக் காட்டினேன். முதல் பத்து நிமிடம் கையில் போனை வைத்துக்கொண்டுதான் பார்த்தாள். மணிக்கூண்டில் மின்னல் விழும் காட்சி வந்தபோது போன் எங்கே கிடந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாளே இரண்டாம் பாகம் கேட்டாள் (அந்தப் படம் காட்டுவதுபோல 2015-இல் பறக்கும் கார் இருந்ததா என்று என்னைக் குடைந்தது தனிக்கதை). மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், ஸ்டுடியோ நினைத்தால் யார் தடுக்க முடியும் என்று எழுதியிருக்கிறார். இந்த விஷயத்தில் தடுக்க முடியும். இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ், அவரோடு சேர்ந்து எழுதிய பாப் கேல் இருவரின் சம்மதமில்லாமல் புதிய படம் எடுக்க ஒப்பந்தம் இடம் தராது. தாங்கள் உயிரோடு இருக்கும்வரை மறுஉருவாக்கம் கிடையாது என்று ஜெமெக்கிஸ் 2015-லேயே சொல்லிவிட்டார். அப்புறம், மார்ட்டியாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் பார்க்கின்சன் நோயால் 2020-இல் நடிப்பிலிருந்தே ஒதுங்குவதாக அறிவித்தார். அவர் இல்லாமல் எடுத்தால் படத்தில் கால இயந்திரமாக வரும் அந்த டெலோரியன் வெறும் பழைய கார்தான். சரி, புதிதாக ஏதாவது வேண்டும் என்றால் லண்டனில் மேடை ஏறிய இசை நாடகம் இருக்கிறதே? 2022-இல் சிறந்த புதிய இசை நாடகத்துக்கான, லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஒலிவியர் விருதே வாங்கியது. அதை உருவாக்கியதிலும் இதே இருவருக்கும் பங்கு உண்டு.