வெற்று வெளியீட்டுக்குத் தேர்ச்சி வழங்கும் தணிக்கைகள்

சர்வர்களைத் தானியங்கி முறையில் தணிக்கை செய்யும் பல ஸ்கிரிப்டுகள், ஒரு ஷெல் கட்டளையை (இயங்குதளத்துக்கு எழுத்தில் இடும் கட்டளையை) ஓடவிட்டு, அதன் வெளியீட்டில் குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தேர்ச்சி வழங்கிவிடுகின்றன. இந்தப் பழக்கம் நிறுத்தப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதிலும் "இன்னது வெளியீட்டில் இருக்கக் கூடாது" என்று எழுதப்படும் சோதனைகள் மிகவும் ஆபத்தானவை. கட்டளை ஓடவே இல்லையென்றாலும் அவை தேறிவிடும்.

யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கோப்புகள் ஏதேனும் உள்ளனவா என்று கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளையால் தேடுவதாகக் கொள்வோம். போதிய அனுமதி இல்லாத பயனர் கணக்கில் அதை ஓட்டினால், நுழைய முடியாத கோப்பகங்களைப் பற்றிய செய்திகள் பிழைகளுக்கான தனி வெளியீட்டு வழியான ஸ்டாண்டர்ட் எரருக்குப் போய்விடும். விடை வரும் வழக்கமான வழியான ஸ்டாண்டர்ட் அவுட்புட் வெறுமையாகவே இருக்கக்கூடும். அந்தப் பிழைச் செய்திகளையும் "இரைச்சல்" என்று கருதி யாராவது, வந்ததையெல்லாம் தொலைத்துவிடும் டெவ் நல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தால், தேடல் முழுமை பெறாததற்கான சுவடே அறிக்கையில் இருக்காது. ஃபைண்ட் தன் எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது தரும் நிலை எண்) வழியாகப் பிழையைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் வரிகளை எண்ணுவதற்காக அதன் வெளியீட்டைப் பைப் வழியே இன்னொரு கட்டளைக்கு அனுப்பினால், பாஷ் எனும் ஷெல் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடை மட்டுமே திருப்பித் தருகிறது. பாஷின் பைப்ஃபெயில் விருப்பத்தை இயக்கிவைத்தால்தான் முந்தைய கட்டளையின் தோல்வி வெளியே தெரியும்.

கோப்புகளில் சொற்களைத் தேடும் கிரெப் கட்டளையிலும் இதே சிக்கல் உண்டு. எக்ஸிட் கோடாக, பொருந்தும் வரி கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பையே திறக்க முடியாதது போன்ற பிழை நேர்ந்தால் 2 என்று அது தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. "பூஜ்யம் இல்லையென்றால் அந்த வரி இல்லை" என்று எழுதும்போது, அந்தப் பிரிவை நாமே அழித்துவிடுகிறோம். கட்டளையே நிறுவப்படாத கணினியில் ஷெல் தரும் 127-ம் அந்தக் கணக்கில் நல்ல விடையாகிவிடுகிறது. இன்ஸ்பெக் போன்ற தணிக்கைக் கருவிகள் அவுட்புட், எரர், எக்ஸிட் கோட் மூன்றையும் தனித்தனியே தருவதால், முதலாவதை மட்டும் பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வெளியீடு சரியாக வந்தாலும், கேட்ட கேள்வி சரியானதா என்பதையும் பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சர்வரின் அமைப்புக் கோப்பில் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) நுழைவைத் தடுக்கும் வரியைக் கிரெப் கொண்டு தேடினால், முன்னால் ஹேஷ் குறியிட்டு முடக்கப்பட்ட வரியும் பொருந்திவிடலாம். ஒரே அமைப்பு இருமுறை எழுதப்பட்டிருந்தால் அந்தச் சர்வர் முதல் மதிப்பையே ஏற்கும் என்பதும், 2020-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் (பரவலான எஸ்.எஸ்.எச். மென்பொருள்) 8.2 முதல் வேறு கோப்புகளையும் இணைக்க முடியும் என்பதும் அந்தத் தேடலுக்குத் தெரியாது. எஸ்.எஸ்.எச். சர்வர் நிரலைப் பெரிய டி (-T) விருப்பத்துடன் இயக்கினால், எல்லாக் கோப்புகளையும் படித்தபின் நடைமுறைக்கு வரும் மதிப்புகளை அதுவே அச்சிடும். பயனருக்கோ முகவரிக்கோ தனி நிபந்தனைகள் இருந்தால், அவற்றையும் குறிப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்துச் செய்திகளின் சொற்கள் மாறக்கூடும் என்பதால், சோதனைக்கு முன் லோக்கேல் எனும் அந்த மொழி அமைப்பை "சி" என்று நிலைநிறுத்துவதும் அவசியம்.

என்னைப் பொறுத்தவரை, தணிக்கை அறிக்கையில் தேர்ச்சி, தோல்வி ஆகியவற்றுடன் "சோதிக்க இயலவில்லை" என்ற மூன்றாம் நிலையும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனையையும் பயன்பாட்டுக்கு விடுமுன், தற்காலிகக் கண்டெய்னர் (தனித்து இயங்கும் சோதனைச் சூழல்) ஒன்றில் அமைப்பை வேண்டுமென்றே கெடுத்தும், அனுமதியைப் பறித்தும், கட்டளையையே நீக்கியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அமைப்பைக் கெடுத்தபோது தோல்வியையும் மற்ற இரண்டில் "இயலவில்லை" என்பதையும் காட்டாத சோதனையைத் தணிக்கைத் தொகுப்பில் சேர்க்கவே கூடாது.