அவனுக்கு மட்டும் செய்தி போகவில்லை

போன மாதம் எங்கள் பழைய வகுப்பு நண்பர்கள் குழுவில் ஒரு சாவுச் செய்தி வந்தது. எங்களில் ஒருவனுடைய அம்மா. எல்லோரும் போய் வந்தோம், ஒருவனைத் தவிர. அவன் அந்தக் குழு இருக்கும் செய்தி ஆப் வேண்டாம் என்று வேறொன்றுக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. மூன்றாம் நாள் வேறு ஏதோ வேலையாக ஒருவர் அவனுக்கு போன் செய்தபோதுதான் விஷயமே தெரிந்தது. "என்கிட்ட யாருமே சொல்லலையேடா" என்று அவன் கேட்டது இன்னும் மனதை அறுக்கிறது.

தொலைபேசியும் கணினியும் ஊடகமும் ஒன்றாகிவிட்டன என்கிறோம். தொழில்நுட்பத்தில் அது உண்மைதான். எழுத்து, குரல், படம் எதுவானாலும் 'பிட்' (0 அல்லது 1) என்ற ஒரே அளவையில் அளக்கலாம் என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இலேயே காட்டிவிட்டார். தொலைபேசிக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டில் எழுதினால் நொடிக்கு 64,000 பிட். சிடியில் பாட்டு என்றால் நொடிக்கு 44,100 முறை, 16 பிட், இரண்டு தடம். எண்ணிக்கைதான் கூடுகிறது, சரக்கு ஒன்றுதான். 4ஜியிலேயே பேசினால் நம் 'ஹலோ'வும் வீடியோவைப் போல டேட்டா பாக்கெட்டாகத்தான் போகிறது.

அப்புறம் ஏன் ஒரு ஆப்பில் எழுதிய ஒரு வரி பக்கத்து ஆப்புக்குப் போகமாட்டேன் என்கிறது?

ஒரு காலத்தில் தந்திக்கும் இதே கதிதான். நாட்டு எல்லை வந்ததும் செய்தி நின்றுவிடும். தாளில் எழுதி அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், அவர்கள் மறுபடி தட்டி அனுப்ப வேண்டும். இதற்கு முடிவு கட்டத்தான் 1865இல் 20 நாடுகள் பாரிஸில் கூடி ஒப்பந்தம் போட்டன. இன்றைய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தொடக்கம் அதுதான். தொலைபேசியும் அதே வழியில் வந்தது. யாருடைய இணைப்பிலிருந்தும் யாருடைய இணைப்புக்கும் பேசலாம். எஸ்எம்எஸ் அப்படி, மின்னஞ்சலும் அப்படி.

அந்தத் திறந்த உலகம் கொடுத்த போன் எண்ணைத்தான் பல ஆப்கள் நம்மிடம் அடையாளமாகக் கேட்கின்றன. எண்ணை எடுத்துக்கொண்டார்கள், அதோடு வந்த கடமையை விட்டுவிட்டார்கள். என் கோபமெல்லாம் இதன் மேல்தான்.

ஆப்களை இணைத்தால் மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) கெட்டுவிடும், பாதுகாப்பு போய்விடும் என்பார்கள். அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை, அது கடினமான வேலைதான். ஆனால் வெவ்வேறு ஆப்கள் பயன்படுத்தக்கூடிய எம்எல்எஸ் என்ற பொதுக் குழு மறையாக்க முறை 2023இல் வெளியாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டமும் பெரிய செய்தி ஆப்களை, கேட்கும் மற்ற ஆப்களுக்குக் கதவைத் திறக்கச் சொல்கிறது. முதலில் இருவருக்கு இடையிலான செய்தி, பிறகு குழுக்கள், அதன் பிறகு அழைப்புகள் என்று காலக்கெடுவும் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் முடியும் என்றால் மற்ற நாட்டு அரசுகளும் கேட்கலாமே?

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டன. அந்த நேரத்திலும் சாதாரண போன் அழைப்பு எந்த நிறுவனத்து எண்ணுக்கும் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டிக்கர், ஸ்டேட்டஸ் எல்லாம் அவரவர் ஆப்புக்குள்ளேயே இருக்கட்டும், எனக்கு அது வேண்டாம். ஒருவர் எழுதும் ஒரு வரி, எதிரில் இருப்பவர் எந்த ஆப் வைத்திருந்தாலும் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அதைச் சட்டமாகவே கேட்போம்.